சுட்டு முடிந்த தோட்டா உறை 'காலி'தானா? டை, பித்தளை, சட்டம்: ஒரு விளக்கம்

கைப்பேசியில் இப்படி ஒரு காணொளி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். மேசையில் பொருத்திய ஒரு சிறிய இரும்பு பிரஸ். சுட்டு முடித்த பித்தளை உறை ஒன்றை ஒருவர் அதில் வைக்கிறார். கைப்பிடியைக் கீழே இழுக்கிறார், மேலே விடுகிறார். உறை புதுசு மாதிரி வெளியே வருகிறது. மொத்தமே ஐந்து விநாடி. "அட, இவ்வளவுதானா?" என்று நமக்கும் தோன்றும்.

பழைய உறையை மறுபடியும் தோட்டாவாக்கும் இந்த வேலைக்கு 'ரீலோடிங்' என்று பெயர். அமெரிக்கா போன்ற நாடுகளில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. மலேசியாவில் அப்படி இல்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் எங்கு இருந்தாலும், உரிமம் இல்லாமல் இதைச் செய்வது தோட்டா தயாரிக்கும் குற்றம்.

ஆனால் "செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டால் ஆர்வம் அடங்காது. அந்த ஐந்து விநாடியில் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது? 'டை'யைச் சரியாகப் பொருத்த ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? நம் நாட்டுச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோட்டாவில் என்னென்ன இருக்கிறது?

தோட்டா, குண்டு இரண்டும் ஒன்று என்று நாம் பேச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் இருக்கின்றன. முன்னால் பறந்து போகும் குண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்து. அந்த மருந்தைப் பற்ற வைக்கும் 'பிரைமர்', அதாவது அடிப்பகுதியில் இருக்கும் சின்ன மூடி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உறை. மலாயில் இந்த உறையைத்தான் 'கெலோங்சோங்' என்கிறார்கள்.

சுட்டதும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் செத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது உறை மட்டும்தான். ரைபிள் உறை பெரும்பாலும் பித்தளை: 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். தோட்டத்தில் பன்றி விரட்ட உரிமம் பெற்றவர்கள் பயன்படுத்தும் ஷாட்கன் தோட்டா வேறு வகை. அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக், அடியில் மட்டும்தான் உலோகம். இந்தக் கட்டுரை ரைபிள் உறையைப் பற்றியது.

ஒரு ரைபிள் உறையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். மேலே குறுகலான கழுத்து. அதற்குக் கீழே சரியும் தோள். பிறகு உடல். கடைசியில் கனமான அடி. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதெல்லாம் இவற்றைப் பற்றித்தான்.

சுடும்போது உறைக்கு என்ன ஆகிறது?

பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது 220 கிலோபாஸ்கல் அளவில் வைப்போம். பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்குள் எழ அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 427,000 கிலோபாஸ்கல். டயரைப் போல 1,900 மடங்குக்கும் மேல்.

அந்த அழுத்தத்தில் பித்தளை உறை பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இது தற்செயலாக நடப்பதில்லை, உறையின் வேலையே இதுதான். அப்படி ஒட்டிக்கொள்வதால்தான் சூடான வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராமல், குண்டை மட்டும் முன்னால் தள்ளுகிறது.

அழுத்தம் குறைந்ததும் பித்தளை கொஞ்சம் சுருங்குகிறது. அதனால்தான் உறையை வெளியே எடுக்க முடிகிறது. ஆனால் முழுவதுமாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. உடல் கொஞ்சம் பருத்திருக்கும், தோள் முன்னே நகர்ந்திருக்கும், கழுத்து விரிந்திருக்கும். அந்தக் கழுத்தில் புதுக் குண்டை வைத்தால் நிற்காது, உள்ளே விழுந்துவிடும்.

'டை' என்ன செய்கிறது?

பருத்துப்போன உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் கருவிதான் 'ரீசைஸிங் டை'. கடினமான எஃகு உருளை. அதன் உட்புறம், உறை இருக்க வேண்டிய வடிவத்தில், துல்லியமாகக் குடையப்பட்டிருக்கும். பிரஸ்ஸின் மேற்பகுதியில் திருகு மரை வழியாக அதைப் பொருத்துவார்கள். கீழே, உறையின் அடியைப் பிடித்துக்கொள்ள 'ஷெல் ஹோல்டர்' என்ற சிறு துண்டு இருக்கும். கைப்பிடியை இழுத்தால் உறை மேலே போய் டைக்குள் நுழையும். எஃகு அதை நாலா பக்கமும் அழுத்தும்.

அதே நேரத்தில் டையின் நடுவில் இருக்கும் ஊசி, செத்த பிரைமரை வெளியே தள்ளிவிடும். உறை கீழே இறங்கும்போது ஊசியின் மேலுள்ள சிறிய உருண்டை கழுத்துக்குள் வழியாக வந்து, உட்புற அளவைச் சரிசெய்யும்.

உறைக்கு மசகு தடவாமல் இதைச் செய்தால் பித்தளை எஃகோடு இறுகிக்கொள்ளும். பிறகு உறையும் வராது, டையும் பாழ். அதிகமாகத் தடவினாலும் பிரச்சினைதான். எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் தோளில் பள்ளம் விழும்.

'செட்டிங்' ஏன் இவ்வளவு முக்கியம்?

காணொளியில் காட்டாமல் வெட்டிவிடும் பகுதி பெரும்பாலும் இதுதான்.

டையை எவ்வளவு கீழே திருகுகிறோமோ, அவ்வளவு தூரம் உறையின் தோள் பின்னால் தள்ளப்படும். வழக்கமான டையில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.8 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் தோளைப் பின்னால் தள்ள வேண்டிய அளவு என்ன தெரியுமா? பல ரைபிள்களுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். பொதுவாகத் தலைமுடி ஒன்றின் தடிப்பைவிடவும் குறைவு.

கணக்குப் போட்டால், அது ஒரு சுற்றில் 36-இல் ஒரு பங்கு, அதாவது 10 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரத்தைவிடக் குறைவு. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் கண்ணளவை நம்புவதில்லை. சுட்ட உறையின் தோள் எங்கே இருக்கிறது என்று முதலில் அளப்பார்கள். பிறகு டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி அளப்பார்கள். சரியான இடம் வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுவார்கள்.

தவறினால் என்ன ஆகும்? டை போதுமான அளவு இறங்காவிட்டால் உறை துப்பாக்கி அறைக்குள் முழுதாகப் போகாது, மூட முடியாது. அது தொல்லை மட்டும்தான். டை அளவுக்கு மீறி இறங்கினால் ஆபத்து. தோள் அதிகமாகப் பின்னால் போய்விடும். உறைக்கும் அறைக்கும் இடையே வெற்றிடம் உண்டாகும். அடுத்த முறை சுடும்போது அந்த இடத்தை நிரப்ப உறை நீளவாட்டில் இழுபடும். அந்த இழுபறி அடிக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் விழுவதால், அங்கே சுவர் மெலிந்துகொண்டே வரும். வெளியே பளபளப்பான ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. அதைக் கவனிக்காவிட்டால் ஒருநாள் உறை இரண்டாக அறுந்துபோகும். டயரைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தமுள்ள வாயு பின்பக்கம் கசியும்.

இதற்குப் பேர்போனது .303 பிரிட்டிஷ் தோட்டா. 1941 டிசம்பர் 11, 12-இல் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையின் ரைபிள் தோட்டா அது. பிறகு அவசரகாலத்தில் தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்கள் கையிலும் அதே வகை 'லீ-என்ஃபீல்டு' ரைபிள் இருந்தது. சேற்றிலும் அழுக்கிலும் தடைபடாமல் வேலை செய்ய வேண்டும் என்பதால் அந்தப் போர்க்கால ரைபிள்களின் அறை சற்றுத் தாராளமாகவே குடையப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் போதும் என்ற படைக்கு அது வசதி. ஆனால் அதே உறையை ஒவ்வொரு முறையும் டைக்குள் முழுதாக அழுத்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், சில முறையிலேயே அடிப்பக்கம் அறுந்துவிடும்.

ஓர் உறையை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் இருந்தால் யோசித்துப் பாருங்கள். கன்னார் தகட்டைத் தட்டித் தட்டிக் குடமாக்குவார். தட்டத் தட்ட பித்தளை கடினமாகும். அதற்கு மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் நடுவில் நெருப்பில் காய்ச்சி, உலோகத்தை மறுபடி இளக வைத்துவிட்டுத் தொடர்வார்.

தோட்டா உறைக்கும் இதே கதைதான். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கழுத்துப் பகுதி இறுகிக்கொண்டே போகும். கடைசியில் கழுத்து நீளவாக்கில் பிளக்கும். அதைத் தள்ளிப்போட, கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றி இளக்குவார்கள். அடிப்பகுதியில் சூடு படவே கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் இடம் அது. அங்கே பித்தளை இளகிவிட்டால் உறை தாங்காது.

ஆக, கையில் எடுத்தால் 'காலி'யாகத் தெரியும் உறைக்குள், கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் கற்றுக்கொண்டது இந்தியாவில்தான்.

மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்ட உறைகள்

19-ஆம் நூற்றாண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்களில் ஒரு விசித்திரம். யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. ஆனால் மழைக்காலம் வந்தால், சேமித்து வைத்த இடத்திலேயே பித்தளை உறைகள் விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் இதற்கு 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள்.

காரணம் தெளிவாக 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையைத் தாக்கியது. அமோனியா மட்டும் இருந்தால் இவ்வளவு சேதம் இல்லை. உறையைத் தயாரிக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்ததால்தான் விரிசல். தயாரித்த பிறகு மிதமான சூட்டில் காய்ச்சி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு என்று கண்டார்கள்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியா வாசம் புதிதில்லை. மங்கில் இறங்கும் பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பது வழக்கம். தொழிற்சாலையில் அடர்த்தியாக்கிய பாலில், அதிக அமோனியா வகை என்றால், ஏறக்குறைய 0.7 விழுக்காடு வரை அது இருக்கும். பால் கையாளும் இடத்தில் பித்தளைக் குழாய்களையும் திருகுகளையும் தவிர்ப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், செம்பு கொஞ்சம் கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும். லாயத்தில் தோட்டாவை உடைத்த அதே வேதியியல்தான் நம் தோட்டத்துப் பால் கொட்டகையிலும் வேலை செய்கிறது.

பழைய உறையோ, சுடாத தோட்டாவோ மண்ணில் கிடந்து எடுத்தால், அதன் உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் நமக்கான பாடம்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். போலீஸ்தான் அதை வழங்கும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். அதற்கு மரண தண்டனை வரை விதிக்க இடம் இருந்தது. 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்த கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் ஆயுதச் சட்டத்தையும் திருத்தியது. ஆனாலும் நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் இன்னும் இருக்கின்றன. வெடிமருந்துக்கு 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக உண்டு. ஆகவே இணையக் கடையில் பிரைமரும் மருந்தும் ஆர்டர் செய்து பார்ப்போமே என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. "யூடியூப் பார்த்துச் சும்மா செஞ்சேன்" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

ஏன் இவ்வளவு கடுமை?

பதில் தோட்டப்புற வரலாற்றிலேயே இருக்கிறது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. சண்டையின் பெரும்பகுதி காடுகளிலும் அதை ஒட்டிய தோட்டங்களிலும் நடந்தது. அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே தூக்கு என்ற விதி அப்போது வந்தது.

அந்த விதியில் உயிரிழந்தவர்களில் ஒருவரைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிவார்கள். மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி. ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் 1949-இல் கைது செய்யப்பட்டார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பலனில்லை. 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கடுமை தொடர்ந்தது. 'இசா' எனப்படும் 1960-ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை கட்டாயம். 2012-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1971-இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கி ஏந்திச் செய்யும் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியது. அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

உறையோ தோட்டாவோ கண்ணில் பட்டால் என்ன செய்வது?

மறுநடவுக்காக மண்ணைக் கிளறும்போதும், கட்டுமான வேலையின்போதும் போர்க்கால வெடிபொருள்கள் வெளிப்படுவது மலேசியாவில் அவ்வப்போது நடக்கிறது. அப்படி ஏதாவது கண்டால்:

தொடாதீர்கள், துடைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். சாவிக்கொத்தில் மாட்டும் ஆசையும் வேண்டாம்.

'சுட்ட உறைதானே' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பிரைமர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது.

இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு விலகி வாருங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ 999 எண்ணுக்கோ அழையுங்கள். வெடிபொருளாக இருந்தால் போலீஸின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து பார்த்துக்கொள்ளும்.

அப்படியென்றால் இந்த ஆர்வத்துக்கு இங்கே இடமே இல்லையா?

இருக்கிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வம் என்றால், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் வழியாகப் போகலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது மலேசியாவுக்காகக் களமிறங்கிய நூர் சூர்யானி தைபி போட்டியிட்டது ஏர் ரைபிளில். அதற்கு வெடிமருந்தும் வேண்டாம், பித்தளை உறையும் வேண்டாம்.

உங்களை ஈர்த்தது அந்த பிரஸ்ஸும் டையும் என்றால், இன்னும் நல்லது. உலோகத்தை டையில் அழுத்தினால் அது கொஞ்சம் திரும்பி விரியும், எவ்வளவு விரியும் என்று தெரிந்து டையை அமைக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தவறினாலும் பொருள் தள்ளுபடி. கார் பாகமும் மின்னணுப் பொருளும் தயாரிக்கும் ஆலைகளில் 'டை செட்டிங்' செய்பவர்களின் அன்றாட வேலை இதுதான். 1996 முதல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா நம் மாநிலத்திலேயே இயங்குகிறது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் இயந்திரத் துறை படிக்க அதே கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது.

அங்கே அந்த 10 பாகைக் கணக்கை ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார். தவறினால் ஒரு தகடு வீணாகும், அவ்வளவுதான். வீட்டு மேசையில் அதே தவறு நடந்தால், அதைத் தாங்கப்போவது உங்கள் முகம். தப்பித்தாலும், அடுத்துக் கதவைத் தட்டப்போவது போலீஸ்.